முயல்காது ஜாக்கெட்

என் நாத்தனாரை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குக்கர் விசிலடித்தால் துள்ளுவாள். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டால் எழுந்து நின்றுவிடுவாள். அதனால் அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், சின்ன வயதிலேயே அவளுக்கு 'முயல்' என்று பட்டம் வைத்துவிட்டார். நான் கல்யாணமாகி வந்த முதல் நாள் கைதவறி ஒரு தட்டைக் கீழே போட்டேன். அவள் போட்ட அலறலில் எனக்குத்தான் காய்ச்சல் வந்தது.

இப்படிப்பட்டவள் இணையத்தில் ஒரு துணிக்கடை ஆரம்பித்து, முன்பின் தெரியாத ஆயிரம் பேரோடு வியாபாரம் செய்தாள் என்றால் நம்புவது கஷ்டம். ஆனால் நான் கூடவே இருந்தவள்.

அதற்கு முன் அவள் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வந்த உடுப்பை விளக்குக்கு அடியில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, பட்டனை இழுத்தால் கையோடு வருகிறதா, உடைந்த ஊசிமுனை எங்காவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கே அவளுடைய பயம்தான் அவளுக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை அவள் மூன்று தடவை பார்ப்பாள். தொழிற்சாலை தொலைதூரத்துக்கு இடம் மாறியபோது அவள் கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வேலைக்கென்று வெளியூர் போன கணவரோ, முதலில் வருவதைக் குறைத்தார், பிறகு போனைக் குறைத்தார், கடைசியில் ஆளே குறைந்துபோனார். குழந்தையோடும் ஒரு தையல் மெஷினோடும் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள்.

மகளுக்கு அவள் தைத்துப் போட்ட ஒரு கவுனை நான்தான் படமெடுத்து இணையத்தில் போட்டேன். சும்மா, பெருமைக்கு. மறுநாள் காலையில் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அண்ணி, யாரோ ஒரு பொம்பளை இதை வேணும்ங்கிறாங்க! இப்ப என்ன பண்றது?"

"தைச்சு அனுப்பு."

"அளவு சரியில்லேன்னா?"

"திருப்பி அனுப்புவாங்க."

"திட்டினாங்கன்னா?"

"வாங்கிக்கோ. அதுக்குத் தனியா காசு கேக்க மாட்டாங்க."

அந்த முதல் பார்சலை அவள் நான்கு தடவை பிரித்து ஒட்டினாள். அப்படித்தான் கம்பெனி பிறந்தது. அதற்கும் 'முயல்' என்றே பெயர் வைத்தோம். மூன்று வருடத்தில் மாடி முழுவதும் கடையாகிவிட்டது. துணி வெட்ட ஒரு மாஸ்டர், தைக்க இரண்டு பெண்கள், பார்சல் கட்டவும் வருகிற மெசேஜ்களுக்குப் பதில் போடவும் நான். காலை பத்து மணிக்கு ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம் வரும். அப்போது மகளுக்குப் புது உடுப்பைப் போட்டு நிற்கவைத்துப் படமெடுப்போம். முயல் மட்டும் மாறவே இல்லை. ஒவ்வொரு ரிட்டர்ன் வரும்போதும் முகம் செத்துவிடும். ஒரு நட்சத்திரம் குறைந்த விமர்சனத்தை மனப்பாடம் ஆகும்வரை படிப்பாள்.

குளிர்காலத்துக்கு என்று ஒரு ஜாக்கெட் தைத்தாள். சாம்பல் நிறம், தலையை மூடும் தொப்பி, தொப்பியின் மேல் இரண்டு நீளக் காது. உள்ளே இளஞ்சிவப்புத் துணி. பார்த்தால் அள்ளிக் கொஞ்சத் தோன்றும். ஒரே ஒரு குறை.

"காது பாரமா இருக்கு அண்ணி. தொப்பி நிக்க மாட்டேங்குது, பின்னாடி சரிஞ்சுடுது. படத்துல நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு."

"கழுத்தைச் சுத்தி ஒரு கயிறு கோத்து விடேன். முன்னாடி ரெண்டு பஞ்சு உருண்டை தொங்கட்டும். அழகா இருக்கும்."

அவள் ஊசியை நிறுத்தினாள். "பிள்ளைங்க துணியில கழுத்துக்கிட்ட கயிறு வைக்கக் கூடாது. ஃபேக்டரியில அப்படி ஒன்னு கண்ணுல பட்டாலே மொத்த லாட்டையும் தள்ளி வச்சிடுவோம்."

"அவங்க ஆயிரம் சட்டம் பேசுவாங்க. நாம என்ன, தூக்குக் கயிறா வைக்கிறோம்?"

இதைச் சொன்னவள் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் அரைமனதோடு ஒரு கயிறு கோத்தாள். மகள் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் குதித்தாள், பஞ்சு உருண்டைகளும் கூடவே குதித்தன. அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. ஆறு வாரத்தில் முந்நூற்று நாற்பத்தாறு ஜாக்கெட் போய்விட்டது. கடைகளைச் சங்கிலித் தொடராக வைத்திருக்கும் ஒரு பெரிய வியாபாரி, இரண்டாயிரம் வேண்டும், வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன் என்றார். முயலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயம் விட்டுப்போன வாரம் அது.

அந்த வாரத்தின் தொடக்கத்தில்தான் ஒரு மெசேஜ் வந்தது. மூன்றே வரி. "உங்கள் ஜாக்கெட்டின் கயிறு சறுக்குமரத்தின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. என் மகன் பாதியில் தொங்கினான். நான் பக்கத்தில் இருந்தேன்." கூடவே ஒரு படம். சிறு குழந்தையின் தாடைக்குக் கீழே, காதிலிருந்து காதுவரை, சிவப்பாக ஒரு கோடு.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அன்று கட்டவேண்டிய பார்சல் நாற்பது. "மிகவும் வருந்துகிறோம். அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறோம்" என்று எழுதி, கும்பிடுகிற கை இரண்டு போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு அடுத்த பார்சலுக்கு டேப் கிழித்தேன்.

இரண்டு நாள் கழித்து, வியாபாரிக்குக் காட்ட நல்ல விமர்சனங்களைத் தேடும்போது முயல் அதைப் பார்த்தாள். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இது எப்ப வந்தது?"

"முந்தாநேத்து. பதில் போட்டாச்சே."

"ரெண்டு நாளா அண்ணி?"

அவ்வளவுதான் கேட்டாள். இன்றுவரை அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் கண் கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கிக்குப் போனது. மகளின் ஜாக்கெட் அங்கே இல்லை. கீழே இரும்புக் கேட் கிறீச்சிட்டது. கேட்டின் கம்பியில் ஏறி நின்று முன்னும் பின்னும் ஆடுவது மகளுக்குப் பிடித்த விளையாட்டு.

முயல் படியில் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. நான் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து பார்த்தபோது அவள் ஏற்கெனவே கேட்டடியில் இருந்தாள். குழந்தையை ஒரு கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் கழுத்துக் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பஞ்சு உருண்டை உருண்டு சாக்கடை ஓரம் போனது. "என் முயலைப் பிச்சுட்டா" என்று குழந்தை ஊரைக் கூட்டியது. அம்மாக்காரி சத்தமே இல்லாமல் அழுதாள். கத்தரியை அவள் விரலிலிருந்து நான்தான் கழற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கம்.

அன்றே ஜாக்கெட்டை விற்பனையிலிருந்து எடுத்தாள். பிறகு அந்தத் தாய்க்குப் போன் செய்தாள். நானும் கேட்கட்டும் என்று போனை மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்த ஜாக்கெட்டைத் தைச்சவ பேசறேங்க."

அந்தப் பக்கம் நிதானமான குரல். "அப்ப எனக்கு ஒன்னுமே தோணல. தூக்கிவிட்டேன், வீட்டுக்கு வந்துட்டோம். சோறு ஊட்டும்போதுதான் உறைச்சுது. ராத்திரி எழுந்து எழுந்து அவன் மூச்சு விடறானான்னு பாக்கறேன்."

"கயிறு வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன்."

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லப் போறதில்லை. எத்தனை வித்தீங்க?"

"முந்நூத்தி நாப்பத்தாறு."

"அத்தனை பேருக்கும் சொல்லுங்க. சொல்லி முடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

வீட்டில் பெரிய சண்டை. என் கணவர் கத்துகிற ஆள் இல்லை, அன்று கத்தினார். "நீயே ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தா நாளைக்கு வாசல்ல போலீஸ் வந்து நிக்கும். குழந்தையை வச்சுக்கிட்டு எங்க போவ?"

"எனக்கும் பயமாத்தாண்ணா இருக்கு. ஆனா ரெண்டு பயத்துல எது பெருசுன்னு தெரியுது."

வெள்ளிக்கிழமை வியாபாரி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார், படத்தையும் பார்த்தார். "பையனுக்கு ஒன்னும் ஆகலையே? அப்புறம் எதுக்கும்மா நீங்களே உங்க கடையில மண்ணை அள்ளிப் போடறீங்க? கயிறு இருந்தாத்தான் இது முயல். இல்லேன்னா வெறும் ஜாக்கெட்" என்றார். முயல் தலையைக் குனிந்துகொண்டு முடியாது என்றாள். மாதிரிக்கு வைத்திருந்த ஒரு ஜாக்கெட்டை அவர் கையோடு எடுத்துப்போனதை அப்போது நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை.

கடையின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டோம்: "முயல்காது ஜாக்கெட்டை உடனே கழற்றுங்கள். கழுத்துக் கயிற்றை வெட்டி எறியுங்கள். தவறு எங்களுடையது." எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம். பதில் வராதவர்களுக்குப் போன். முந்நூற்று நாற்பத்தாறு வரியுள்ள பட்டியலைச் சுவரில் ஒட்டி, பேசி முடித்த ஒவ்வொன்றையும் அடித்தோம்.

நாங்கள் பயந்தது திட்டுக்கு. திட்டும் வந்தது. ஆனால் பாதிப் பேர் எங்களை மோசடிக்காரர்கள் என்று நினைத்தார்கள். "அடுத்து பேங்க் நம்பர் கேப்பீங்க, அதானே? உங்களை மாதிரி நாலு பேரைப் பாத்தாச்சு" என்று ஒருவர் போனை வைத்தார். முயல் திரும்பப் போன் அடித்தாள். மூன்றாம் தடவை அவர் எடுத்ததும், "சார், நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன். கயிறை மட்டும் வெட்டிட்டு வந்து திட்டுங்க" என்றாள். கத்தரி தேடும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "வெட்டிட்டேன்மா" என்றார்.

ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் எங்களுக்கு ஒரே பயம். அந்தப் பக்கம் எடுப்பவர், 'இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்' என்று ஆரம்பித்துவிட்டால்? யாரும் அப்படி ஆரம்பிக்கவில்லை. ஒருத்தியின் மகளுக்குச் சைக்கிள் சக்கரத்தில் உருண்டை சிக்கி, கயிறு அறுந்து போயிருக்கிறது. "நல்லவேளை, உங்க தையல் மட்டம்" என்று சிரித்தாள். முயலால் சிரிக்க முடியவில்லை. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

இரண்டு வாரத்தில் மூன்று வரிகள் மிஞ்சின. இரண்டு பேரின் எண்கள் உபயோகத்தில் இல்லை, அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவது எண் எப்போதும் அணைந்தே கிடந்தது. முகவரி மட்டும் இருந்தது: தண்ணீர்த் தொட்டி எதிரில், பச்சைக் கேட். ஐந்து மணி நேர பஸ் பயணம். நான் நிறுத்தப் பார்த்தேன், கேட்கவில்லை. விடிந்ததும் இருவரும் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் பஸ் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. எதிரே சாம்பல் நிறத்தில் எது தெரிந்தாலும் எட்டிப் பார்த்தாள்.

பச்சைக் கேட்டைத் திறந்தவள் நடுவயதுப் பெண்மணி. போன் தண்ணீரில் விழுந்து ஒரு மாதமாகிறதாம். "அந்தக் காது வச்ச ஜாக்கெட்டா? என் பொண்ணுக்கு அளவு பத்தல. திருப்பி அனுப்பச் சோம்பேறித்தனப்பட்டு தங்கச்சி பையனுக்குக் குடுத்துட்டேன். அவன் அதைக் கழட்டவே மாட்டேங்கிறான். இன்னிக்குக்கூட ஸ்கூலுக்குப் போட்டுட்டுத்தான் போனான்."

"ஸ்கூல் எங்கேங்க?"

"பின்னாடித் தெரு, கடைசி. ஏன், என்ன ஆச்சு?"

முயல் ஓடிவிட்டாள். அந்த அம்மாளுக்கு நான் பாதி வார்த்தை சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன். நாயென்றால் எதிர்ப்பக்கம் போகிறவள், குரைத்துக்கொண்டு கூட ஓடிவந்த ஒரு நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதிய நேரம். தெருவில் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் தெரிவதற்கு முன்பே பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. விளையாடுகிற நேரம்.

கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு நடுவே நீல நிறத் தகரச் சறுக்குமரம் தெரிந்தது. அதன் ஏணியில் இரண்டு சாம்பல் நிறக் காதுகள் ஏறிக்கொண்டிருந்தன.

"தம்பி! ஏறாத! அங்கயே நில்லு!"

அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். மைதானத்துப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள், அவன் ஒருவனைத் தவிர. தொப்பி காதை மூடியிருந்தது. மேலே போய் உட்கார்ந்தான். உட்காரும் தட்டுக்கும் சறுக்குக்கும் நடுவே இடுக்கு இருப்பது எங்களுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. முயல் இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்து உலுக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை.

அவன் வழுக்கி இறங்கினான். கீழே தொப்பென்று உட்கார்ந்து, எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஏணியை நோக்கி ஓடினான்.

சத்தம் கேட்டு ஆயாம்மா துடைப்பத்தோடு வந்தார். "யாரு நீங்க? பிள்ளைங்களை எதுக்கு மிரட்டறீங்க?"

"அந்த ஜாக்கெட்... கழுத்துல கயிறு..." முயலுக்கு மூச்சு வாங்கியது.

"கயிறா? அதை என்னைக்கோ புடுங்கிக் குப்பையில போட்டாச்சு. முதல் நாளே ஊஞ்சல் சங்கிலியில போய்ச் சுத்திக்கிச்சு. நான் பக்கத்துல இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்? பச்சைப் பிள்ளை கழுத்துல கயிறு வச்சுத் தைச்சிருக்காளே, அவளெல்லாம் பிள்ளை பெத்தவளா?"

"நான்தாங்க தைச்சேன்" என்றாள் முயல். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா."

ஆயாம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தார். "உள்ள வந்து உக்காரு. உதடெல்லாம் வெளுத்துப்போச்சு" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முயல் அதைக் குடிக்கவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, மணி அடித்து அந்தப் பையன் வகுப்புக்குள் போகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பியதும், சொன்னபடி அந்தத் தாய்க்குப் போன் செய்தாள். முந்நூற்று நாற்பத்து நான்கு என்றாள்.

"மிச்சம் ரெண்டு?"

"தேடிட்டிருக்கேங்க."

"தேடுங்க." போன் வைக்கப்பட்டது.

நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டது ஐந்து வாரம்தான். அந்த வியாபாரியின் கடைகளில் அதே ஜாக்கெட் தொங்கியது. அதே சாம்பல் நிறம், அதே காது, கழுத்தில் கயிறு. அவர் எடுத்துப்போன மாதிரியை வைத்து வேறு யாரிடமோ தைத்திருக்கிறார். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது முயல் சுவரில் இருந்த பட்டியலைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் பட்டியலில் முந்நூறு பெயராவது இருந்தது. இந்த இரண்டாயிரத்தை எந்தச் சுவரில் ஒட்டுவது?

வியாபாரிக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. கடிதம் எழுதினாள். அவருடைய வக்கீலிடமிருந்து மிரட்டல்தான் பதிலாக வந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுவதும் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்தத் தாயிடம் அனுமதி கேட்டு, குழந்தையின் முகம் தெரியாமல் கழுத்துப் படத்தை எங்கள் கடை முகப்பில் போட்டாள். கீழே எழுதினாள்: "இதை முதலில் தைத்தது நான். இன்னொரு கடையிலும் இது தொங்குகிறது. யார் விற்றாலும் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் கயிற்றை இப்போதே வெட்டுங்கள்." அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, வக்கீலின் கடிதத்தை மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தாள். கேஸ் போடுவார்களோ என்று நாங்கள் மாதக்கணக்கில் வாசலையே பார்த்தோம். யாரும் வரவில்லை. அந்தத் தாயும் அவளுக்குத் தெரிந்தவர்களும் கடை கடையாகப் போய் அந்தப் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டார்கள். பத்தே நாளில் ஜாக்கெட் அலமாரியிலிருந்து இறங்கியது. அதற்குள் எத்தனை விற்றது என்று வியாபாரி சொல்லவே இல்லை.

இது நடந்து நான்கு வருடமாகிறது. கடை நான்கு மாதம் மூடிக் கிடந்து, பிறகு மெல்ல எழுந்தது. இப்போது ஒன்பது பேர் வேலை செய்கிறோம். எந்தப் புது உடுப்பானாலும் விற்பனைக்குப் போகும் முன் அவள் அதை ஒரு பொம்மைக்குப் போட்டு, நாற்காலி இடுக்கிலும் கேட்டிலும் சைக்கிளிலும் மாட்டி மாட்டி இழுத்துப் பார்க்கிறாள். மாஸ்டர் வேடிக்கையாகத் தலையில் அடித்துக்கொள்வார். அந்தத் தாய் ஒரு தடவைகூட எங்களிடம் வேறு எதுவும் வாங்கியதில்லை. வருடத்துக்கு ஒரு முறை முயல் அவளுக்குப் போன் செய்கிறாள். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறாள். நன்றாக இருக்கிறான் என்று பதில் வருகிறது. அதற்குமேல் பேச்சில்லை.

விளம்பரம் பார்க்கப் புதிதாகச் சேர்ந்த பெண் போன மாதம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேடம், முகப்புல அந்தப் பழைய அறிவிப்பு எதுக்கு? வர்றவங்க முதல்ல அதைத்தானே பாக்கறாங்க. எடுத்துடலாமா?"

முயல் ஒரு கவுனின் பட்டனை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நம்ம கணக்குலயே இன்னும் ரெண்டு வெளியில இருக்கும்மா" என்றாள். "சின்னப் பிள்ளைங்க துணி. கிழியாம இருந்தா யாராவது யாருக்காவது குடுத்துக்கிட்டேதான் இருப்பாங்க."